தொலையாத நகரத்தைக் கண்டுபிடிக்கச் சில யோசனைகள்

மாயா நகரங்களின் இடிபாடுகளைப் பார்க்கக் காட்டுக்குள் போவதற்கு மிகச் சிறந்த வழி, போகாமல் இருப்பதுதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாயா எழுத்தைப் படிக்கும் வழியை 1952-இல் திறந்துவைத்த யூரி க்னோரோசொவ், லெனின்கிராடு குளிரில் மேசைமுன் உட்கார்ந்தபடியேதான் அதைச் செய்தார். குவாத்தமாலாவின் மாயா கோயில்களை அவர் நேரில் பார்த்தது 1990-இல், அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் அழைத்த பிறகு. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் அந்நாட்டு வடபகுதியான பெட்டேனின் காட்டுக் கொசு ஒன்றுகூட அவரைக் கடித்ததில்லை. காட்டுக்குள் போய் உடம்பெல்லாம் தடித்துத் திரும்பிய எத்தனையோ பேருக்கு ஓர் எழுத்துகூடப் பிடிபட்டதில்லை. ஆகவே வீட்டிலிருந்தே நிபுணராகலாம் என்பதற்கு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. அதெல்லாம் முடியாது, சேற்றில் விழுந்து எழுந்தால்தான் ஆயிற்று என்று அடம்பிடிப்பவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

முதலில் எங்கே போவது? மெக்சிகோவின் சிச்சென் இட்சாவுக்கு ஏசி பஸ் வாசல்வரை போகிறது. அங்கே காட்டு அனுபவம் என்று கிடைப்பது, ஜாகுவார்போல உறுமும் ஊதலை ஊதி ஊதி விற்கும் வியாபாரிகளின் சத்தம்தான். பெரிய பிரமிடில் ஏறுவதையும் 2006-லேயே நிறுத்திவிட்டார்கள். குவாத்தமாலாவின் டிக்கால் தேவலை. சுற்றிலும் நிஜக் காடு இருக்கிறது. ஆனால் தார் ரோடு, விடுதி, கோயில்மேல் ஏற மரப்படிகள் என்று வசதிகள் பெருத்துவிட்டதால் ஊர் திரும்பியபின் அலட்டிக்கொள்ளத் தோதில்லை. அலட்டல்தான் நோக்கமென்றால் எல் மிராடோருக்குப் போங்கள். குவாத்தமாலாவின் வடகோடி, மெக்சிகோ எல்லைக்குப் பக்கம். சாலை கிடையாது. ஏரிக்கு நடுவிலிருக்கும் ஃப்ளோரெஸ் ஊரிலிருந்து கார்மெலிட்டா கிராமம்வரை வண்டியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போகலாம். அதற்குப் பிறகு ஏறக்குறைய 40 கி.மீ. நடை. போக இரண்டு நாள், வர இரண்டு நாள், நடுவே பார்ப்பதற்கு ஒரு நாள். கோயிலைவிட வழிக்கே அதிக நேரம் என்பது நம்மூர் யாத்திரைகளுக்கும் பொருந்தும் என்பதால் பழகிவிடும்.

எந்தப் பருவத்தில் போவது என்பது அடுத்த கேள்வி. பெட்டேனில் இரண்டு பருவங்கள் உண்டு. ஒன்றில் வழியெல்லாம் தண்ணீர், மற்றதில் எங்குமே தண்ணீர் இல்லை. மழைக்காலத்தில் ‘பாஹோ’ எனப்படும் தாழ்நிலச் சதுப்புகள் நிரம்பிக் களிமண் முழங்கால்வரை வாங்கும். உங்கள் கால் வெளியே வரும், பூட்ஸ் வராது. பிப்ரவரியிலிருந்து மே வரையிலான வறண்ட காலத்தில் அதே களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கணுக்காலைத் திருக்கும். அடித்தரை முழுக்கச் சுண்ணாம்புக்கல்; பெய்யும் மழை ஓட்டை வழியே இறங்கிப் போய்விடும். மிராடோர் வட்டாரத்தில் வற்றாத ஆறு என்று எதுவும் இல்லை. ஆறில்லாத இடத்தில் எவன் நகரம் கட்டுவான் என்று நீங்கள் கேட்கலாம். கட்டினார்கள். குளம் வெட்டி, அடியில் பூச்சுப் பூசி, முற்றத்தில் விழும் மழையையெல்லாம் சரிவமைத்துக் குளத்துக்குத் திருப்பினார்கள். டிக்காலில் ஒரு குளத்துக்கு மணலும் சியோலைட் படிகமும் கொண்டு வடிகட்டியே அமைத்திருந்ததை ஆய்வாளர்கள் 2020-இல் எழுதினார்கள். நீங்களோ கோவேறு கழுதை சுமந்துவரும் தண்ணீர்க் கேனை நம்பிப் போகப்போகிறீர்கள். நாகரிகத்தில் யார் மேலே என்ற விவாதத்தைக் காட்டுக்குள் யாரோடும் தொடங்க வேண்டாம்.

புறப்படுமுன் உடை தைத்துக்கொள்வது அவசியம். கண்டுபிடிப்பாளர் என்பவர் காரியத்தால் அல்ல, சட்டைப் பைகளின் எண்ணிக்கையால் அறியப்படுபவர். இதில் நமக்கு ஆசான் ஜான் லாய்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞர். 1839-இல் மத்திய அமெரிக்கக் கூட்டாட்சிக்குத் தூதராக அனுப்பப்பட்டார். அங்கே போய்ப் பார்த்தால் கூட்டாட்சியே உடைந்துகொண்டிருந்தது. நியமனக் கடிதத்தை யாரிடம் கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை. அரசாங்கத்தைத் தேடிய நேரம் போக மிச்ச நேரத்தில், ஓவியர் ஃபிரெடெரிக் கேதர்வுட்டைக் கூட்டிக்கொண்டு இடிபாடுகளைத் தேடினார். ஹோண்டுராஸின் கோபான் நகரம் அவருக்குப் பிடித்துப்போயிற்று, விலைக்கே கேட்டார். நிலத்துக்காரர் தயங்கியபோது, பெட்டியிலிருந்து கழுகுப் பொத்தான் வைத்த தூதர் கோட்டை எடுத்து அழுக்குக் கால்சட்டைமேல் போட்டுக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போனார். பேரம் 50 டாலரில் படிந்தது. இன்று அந்த விலைக்கு ஒரு நல்ல மழைக்கோட்டுகூடக் கிடைக்காது. ஆனால் கோட்டு முக்கியம் என்பது புரிந்திருக்கும்.

கேதர்வுட்டிடமிருந்து கற்கவும் ஒன்று உண்டு. கோபானின் சிலைகளை அவர் சேற்றில் நின்றபடி, கொசுவுக்குப் பயந்து கையுறை மாட்டிக்கொண்டு வரைந்தார். அந்த ஓவியங்களை இன்றும் கல்வெட்டறிஞர்கள் புரட்டுகிறார்கள். உங்கள் கையில் நான்கு கேமரா வைத்த போன் இருக்கிறது. அதில் முக்கால்வாசி உங்கள் முகம் இருக்கும்.

வாகன விஷயத்தில் தெளிவு தேவை. கோவேறு கழுதைகள் உங்களுக்காக அல்ல, உங்கள் மூட்டைக்காக வருகின்றன. கூலி கூட்டிக் கொடுத்தால் ஏறிக்கொள்ள ஒன்று தருவார்கள். ஆனால் மேலே தொங்கும் கிளைகள் கழுதையின் உயரத்துக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும், உங்கள் நெற்றியின் உயரத்துக்கு அல்ல. ஸ்டீவன்ஸ் காலத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. பலெங்கே இடிபாடுகளுக்குப் போகும் மலைவழியில் வெள்ளைக்காரர்களை நாற்காலியில் உட்காரவைத்து உள்ளூர்க்காரர் ஒருவர் முதுகில் சுமந்து போவார். ஸ்டீவன்ஸும் ஏறிப் பார்த்தார். கீழே மூச்சு வாங்குவது காதில் விழ, பக்கத்தில் பள்ளம் கண்ணில் பட, இறங்கிவிட்டார். இரக்கமா பயமா என்று கேட்காதீர்கள். அவர் எழுதியதைப் படித்தால் இரண்டும் கலந்தே தெரிகிறது.

இன்னொன்று: வாகனம் நொண்டினால் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். 1525-இல் இந்த வழியாக ஹோண்டுராஸுக்குப் போன எர்னான் கோர்த்தேஸ், காலில் அடிபட்ட தன் குதிரையைப் பெட்டேன் ஏரிக்கரை இட்சா மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்ப வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் போனார். வரவில்லை. அதற்குமுன் குதிரையையே பார்த்திராத அவர்கள் அதற்கு மரியாதையாகக் கோழிக்கறியும் பூவும் படைத்தார்கள் என்பது கதை. குதிரை செத்தது. செத்ததை எண்ணி ஒரு சிலை வைத்தார்கள். 1618-இல் வந்த பிரான்சிஸ்கன் துறவிகள் பார்த்தபோது குதிரைச் சாமிக்கு வழிபாடு நடந்துகொண்டிருந்தது. அதில் ஒருவர் ஆவேசப்பட்டுச் சிலையை உடைக்க, இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அந்த நாடு ஸ்பானியர் கைக்கு வந்தது 1697-இல்தான். சுற்றுலாப் பயணி எதையும் விட்டுவிட்டு வரக்கூடாது, எதையும் உடைக்கவும் கூடாது என்கிற இரண்டு விதிகளும் இந்த ஒரே ஏரிக்கரையில் நிறுவப்பட்டன.

இனி பூச்சிகள். இங்கே அவசரப்படாமல் கவனிக்க வேண்டும். காட்டில் நீங்கள் மிக அதிக நேரம் செலவழிக்கப்போவது இவற்றோடுதான். கொசு தெரிந்த முகம், விட்டுவிடலாம். உண்ணி, இலைநுனியில் முன்கால்களை நீட்டிக்கொண்டு யாராவது வரமாட்டார்களா என்று காத்திருக்கும். குஞ்சு உண்ணி மிளகாய்விதைக்கும் சிறியது. கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொள்வது அழகாக இருக்காது, ஆனாலும் செய்யுங்கள். இரவில் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். முதல் நாள் வெட்கப்பட்டு டெண்டுக்குள் செய்வீர்கள். இரண்டாம் நாள் அடுப்பைச் சுற்றி எல்லோரும் எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மணல் ஈ கொசுவைவிடச் சிறியது, சத்தமே போடாது. அது கடித்தால் சிலருக்கு ஆறாத புண் வரும்; லீஷ்மேனியாசிஸ் என்பார்கள். சிக்லே என்ற மரப்பால் எடுக்கக் காட்டிலேயே மாதக்கணக்கில் கிடந்தவர்களுக்குக் காதுமடலை அரித்துத் தின்றுவிடும் என்பதால் இங்கே அதற்கு ‘சிக்லேரோ புண்’ என்றே பெயர். மருந்து உண்டு, புண் வந்தால் இணையத்தில் தேடாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் கொல்மொயோத்தே என்ற ஈயின் புத்திசாலித்தனத்துக்கு நிகரில்லை. அது உங்களிடம் நேரில் வராது. பறக்கும் கொசுவைப் பிடித்து, அதன் வயிற்றில் தன் முட்டைகளை ஒட்டி, விட்டுவிடும். கொசு உங்கள்மேல் உட்காரும்போது உடம்புச் சூட்டில் முட்டை பொரிந்து, புழு தோலுக்குள் இறங்கும். மூச்சுவிட ஒரு சின்னத் துவாரம் மட்டும் விட்டுக்கொண்டு வாரக்கணக்கில் வளரும். நீங்கள் ஊர் திரும்பி அலுவலகம் போகத் தொடங்கியபின் தோள்பட்டையில் ஏதோ அசைவது தெரியும். அந்தத் துவாரத்தை வாசலினாலோ டேப்பாலோ மூடினால் மூச்சுமுட்டி மேலே வரும், அப்போது எடுத்துவிடலாம் என்பது உள்ளூர் வைத்தியம். காட்டிலிருந்து சட்டப்படி நீங்கள் கொண்டுவரக்கூடிய ஒரே உயிருள்ள நினைவுப்பொருள் இதுதான்.

மரங்களிலும் நல்லது கெட்டது உண்டு. செச்சேன் மரத்தின் கறுப்புப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். பக்கத்திலேயே அதற்கு மாற்றான மரம் வளரும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். சிவந்து, பட்டை செதில் செதிலாக உரியும் மரம் அது. வெயிலில் வெந்த வெள்ளைக்காரர்களைப் போலிருப்பதால் ‘டூரிஸ்ட் மரம்’ என்று ஒவ்வொரு வழிகாட்டியும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஜோக்கைச் சொல்வார். நம் நிறத்துக்கு அது பொருந்தாவிட்டாலும் சிரித்துவையுங்கள். இன்னும் நான்கு நாள் அவரோடுதான் நடக்கவேண்டும்.

சப்போட்டா மரத்தைப் பார்த்ததும் உங்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வரலாம். அதற்குச் சொந்த ஊர் இதுதான். தண்டில் மேலிருந்து கீழ்வரை குறுக்கும் நெடுக்குமாக வெட்டுத் தழும்புகள் இருக்கும். அவற்றில் வடிந்த பால்தான் சிக்லே, சூயிங்கத்தின் மூலப்பொருள். மெக்சிகோவின் முன்னாள் அதிபர் சான்டா அன்னா நியூயார்க் பக்கம் கொண்டுபோன சிக்லேயில் ரப்பர் செய்யப் பார்த்து முடியாமல், தாமஸ் ஆடம்ஸ் என்பவர் மென்று பார்த்தார். ஒரு தொழில் பிறந்தது. அமெரிக்கர்கள் மெல்ல வேண்டும் என்பதற்காகச் சிக்லேரோக்கள் தலைமுறைக் கணக்கில் இந்தக் காட்டை மரம் மரமாக அளந்தார்கள். கார்மெலிட்டாவே அப்படி முளைத்த முகாம்தான். செயற்கைப் பிசின் வந்து அந்தத் தொழில் படுத்தபின்னும் வழி தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். உங்கள் வழிகாட்டி அவர்களில் ஒருவருடைய மகனாகவோ பேரனாகவோ இருப்பார். சப்போட்டா மரத்தின் உறுதிக்குச் சாட்சி வேண்டுமானால் டிக்கால் கோயில்களின் வாசல் உத்தரங்கள். எட்டாம் நூற்றாண்டில் வைத்தவை, ஆயிரம் ஆண்டு கடந்தும் உளுக்கவில்லை.

பிறகு இலவமரம். மாயாக்களுக்கு அது உலகத்தைத் தாங்கும் மரம், புனிதமானது. நமக்குத் தலையணைப் பஞ்சு. அதன்கீழ் நின்று ஜாகுவாருக்காகக் காத்திருக்கும் பயணிகளைப் பார்த்தால் இலவு காத்த கிளி என்று நம்மவர்கள் சொன்னதன் முழுப்பொருளும் விளங்கும். ஜாகுவார் வராது. ஆனால் உங்களைப் பார்த்திருக்கும். அதிகாலையில் டெண்டுக்கு மேலே ஏதோ பெரிய மிருகம் கர்ஜிக்கும். ஆயுள் முடிந்தது என்று குலதெய்வத்தைக் கூப்பிடுவீர்கள். அது சாராகுவாத்தே, ஊளைக்குரங்கு. சின்ன உடம்பிலிருந்து மைல் கணக்கில் கேட்கும் குரல். சிலந்திக் குரங்குகள் சத்தத்தோடு நிற்காது, கிளையை ஒடித்து உங்கள்மேல் போடும். அவை போடுவது எப்போதும் கிளையாகவே இருக்கும் என்றும் உறுதி சொல்ல முடியாது. அண்ணாந்து பார்க்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள்.

கீழே பார்க்கவேண்டிய நேரமும் உண்டு. பார்பா அமரில்லா என்ற விரியன், உதிர்ந்த இலையின் நிறத்தில் உதிர்ந்த இலைமேல் கிடக்கும். இந்த விஷயத்தில் மட்டும் வேடிக்கை இல்லை: விழுந்த மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் காலை வையுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் ஒதுங்கப் போகாதீர்கள், வழிகாட்டி நில் என்றால் ஏன் என்று கேட்காமல் நில்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சைவர்கள் கவலைப்படுவார்கள். மூன்று வேளையும் சோள டார்ட்டியா, கறுப்பு பீன்ஸ், முட்டை. பீன்ஸ் சைவமா என்று கேட்டால் சமையல்காரம்மா ஆமாம் என்பார்; அவர் கணக்கில் பன்றிக்கொழுப்பு இறைச்சி ஆகாது. முன்கூட்டியே எண்ணெயில் செய்யச் சொல்லிவிடுங்கள். டார்ட்டியாவுக்குச் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். பல ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அதில்லாமல் சோளத்தையே நம்பி வாழ்ந்தால் உடம்பில் சத்துக் குறைந்துவிடும். சுண்ணாம்பை இங்கே தின்னவும் செய்தார்கள், கட்டவும் செய்தார்கள், கடைசியில் அதனாலேயே கெட்டார்கள் என்றும் ஒரு கட்சி சொல்கிறது. அதற்கு வருகிறேன். நீங்கள் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுபோவீர்கள் என்று தெரியும். மிளகாய் இந்தப் பக்கத்திலிருந்துதான் நமக்கு வந்தது என்பதால் அதைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் மாலை வந்து சேருவீர்கள். “எங்கே பிரமிடு?” என்று கேட்பீர்கள். “அதன்மேல்தான் நிற்கிறீர்கள்” என்பார் வழிகாட்டி. மிராடோரில் தோண்டித் துப்புரவு செய்த பகுதிகள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மரம் மூடிய மேடு. 1930-இல் விமானத்திலிருந்து படமெடுத்தார்கள், 1962-இல் இயன் கிரஹாம் வந்து வரைபடம் போட்டார், அதற்கும் பிறகுதான் இது எவ்வளவு பழையது என்று புரிந்தது. லா டாண்டா பிரமிடு காட்டுத்தரையிலிருந்து ஏறக்குறைய 72 மீட்டர். கன அளவில் உலகின் மிகப்பெரிய கட்டடங்களில் ஒன்று. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில், இரும்பு இல்லாமல், சக்கரம் இல்லாமல், சுமக்க மாடு குதிரை இல்லாமல் கட்டியது. இங்கே நின்று தஞ்சைப் பெரிய கோயிலோடு உயரம் ஒப்பிடத் தொடங்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: ராஜராஜன் 1010-இல் குடமுழுக்குச் செய்தபோது இந்தப் பெருநகரத்தின் வாழ்வு முடிந்து எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் முடிந்தது? கட்டடங்கள்மேல் கனமாகச் சுண்ணச்சாந்து பூசினார்கள். காலம் போகப் போகப் பூச்சு தடித்துக்கொண்டே வந்தது. சுண்ணாம்பு சுட விறகு வேண்டும், அதுவும் பச்சை மரமாக, மலைமலையாக. மரம் போனதும் மேட்டுமண் கரைந்து, வயலுக்கு வண்டல் கொடுத்த சதுப்புகள் களிமண்ணால் மூடிக்கொண்டன. கி.பி. 150 வாக்கில் ஊர் காலி. இங்கே பல ஆண்டுகள் தோண்டிய ரிச்சர்ட் ஹான்சன் முன்வைக்கும் விளக்கம் இது. வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. என்னைக் கேட்டால், அந்தஸ்துக்காகப் பூசிப் பூசிக் கெட்டார்கள் என்பது நம்புவதற்கு மிக எளிதான விளக்கம்.

லா டாண்டா உச்சிக்கு மரப்படிகள் உண்டு. மேலே போனால் நாலாபக்கமும் பச்சை. “ஆள் காலடி படாத கன்னிக் காடு” என்று ஒரு வாசகம் உங்கள் வாயில் வந்து நிற்கும், விழுங்கிவிடுங்கள். தொடுவானத்தில் தெரியும் குன்றுகள் குன்றுகள் அல்ல. 2016-இல் வடக்கு குவாத்தமாலாவில் 2,144 சதுர கி.மீ. பரப்பை விமானத்திலிருந்து லேசர் கொண்டு அளந்தார்கள். முடிவு 2018-இல் வெளியானபோது இலைகளுக்கடியில் 61,480 கட்டுமானங்கள் இருந்தன: வீடு, மதில், வாய்க்கால், மேட்டுச்சாலை. கி.பி. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் மாயாத் தாழ்நிலத்தின் நடுப்பகுதியில் மட்டும் 70 லட்சத்திலிருந்து 1 கோடியே 10 லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். நீங்கள் இரண்டு நாளாக நடந்து வந்தது காடு என்பதைவிடப் புறநகர் என்பதே சரி.

இப்போது கண்டுபிடிக்கும் சடங்கு. யார் முதலில் என்று தகராறு வந்தால் 1882-இல் யாஷ்சிலான் இடிபாடுகளில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் டெசிரே ஷார்னே ஆளும் பேருமாக வந்து சேர்ந்தபோது ஆங்கிலேயர் ஆல்ஃபிரட் மாட்ஸ்லே ஏற்கெனவே அங்கே கூடாரமடித்திருந்தார். ஷார்னேயின் முகம் விழுந்ததைப் பார்த்த மாட்ஸ்லே, எனக்குப் பெயர் வேண்டாம், நகரத்தை நீங்களே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஷார்னே உடனே தன் பயணத்துக்குப் பணம் கொடுத்த புகையிலை வியாபாரி லொரில்லார்டின் பெயரை நகரத்துக்குச் சூட்டினார். பெயர் நிற்கவில்லை. இரண்டு பேருமே உள்ளூர்க்காரர்கள் கூட்டிப்போய்க் காட்டிய இடத்தைத்தான் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள் என்பதும், லக்காண்டோன் மாயாக்கள் அந்தக் கோயில்களில் சாம்பிராணி போட்டு வழிபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவர்களின் பெருந்தன்மைக்குள் வரவில்லை. பிற்பாடு சில்வேனஸ் மோர்லி என்ற தொல்லியலாளர் விஷயத்தைச் சுருக்கினார்: எழுத்துப் பொறித்த கல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிக்லேரோவுக்குப் பரிசு என்று அறிவித்துவிட்டார். பெட்டேனின் பல நகரங்கள் வரைபடத்துக்கு வந்தது அப்படித்தான்.

கண்டுபிடித்தாயிற்று, ஒரு கோட்பாடும் வேண்டும். வேற்றுக்கிரகவாசி பழசாகிவிட்டது. 1830-களில் பலெங்கேயில் தங்கி வரைந்த ஃபிரெடெரிக் வால்டெக் என்ற ஓவியருக்குச் சிற்பங்களில் யானைத் தலைகள் தெரிந்தன. யானையே இல்லாத நாட்டில் யானை தெரிந்ததால் ஆசியத் தொடர்பு நிரூபணமாயிற்று. நம்மவர்களுக்கு இந்த உதவிகூடத் தேவையில்லை. மயன் நம் தச்சன், ஆகவே மாயா நம் சொந்தம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழு தீர்ப்பு வழங்கி வெகுநாளாயிற்று. இதை வழிகாட்டியிடம் சொல்லாதீர்கள். குவாத்தமாலாவில் இன்றும் மாயா மொழிகள் பேசுகிற மக்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தங்கள் பாட்டன் கட்டியதை உங்கள் பாட்டன் கட்டியதாகக் கேட்க அவர்களுக்கு நேரமிருக்காது. நாட்காட்டியையும் தொடவேண்டாம். 2012 டிசம்பர் 21-இல் 13-ஆம் பக்தூன் என்ற காலச்சுற்று முடிகிறது, உலகம் அழிகிறது என்று டிக்காலில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். பலெங்கேக் கல்வெட்டு ஒன்று கி.பி. 4772-வரை தேதி குறித்து வைத்திருப்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உலகம் அழியவில்லை. டிக்காலின் இரண்டாம் கோயில் படிகள் சேதமடைந்தன.

தரையில் பானை ஓடு கிடக்கும். எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். மேடுகளில் வாய் பிளந்த பள்ளங்கள் தெரியும். அவை திருடர்கள் தோண்டியவை. நினைவுச் சின்னங்களை ரம்பத்தால் அறுத்து எடுத்துப் போனார்கள். 1971-இல் கிரஹாமோடு சென்ற வழிகாட்டி ஒருவரை அப்படிப்பட்ட கும்பல் சுட்டுக் கொன்றது. சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் ஓட்டுக்கும் அந்தத் தொழிலுக்கும் அளவில்தான் வித்தியாசம்.

நடக்க முடியாதவர்களுக்கு ஹெலிகாப்டர் இருக்கிறது. மெக்சிகோவில் 1,500 கி.மீ.க்கு மேல் நீளும் மாயா ரயில் 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. போட்ட வழியில் அழிந்த காட்டுக்கும், நிலத்தடிக் குகைகளில் இறக்கிய தூண்களுக்கும் வழக்கும் சண்டையும் இன்னும் ஓயவில்லை. மிராடோருக்கும் ஒரு சின்ன ரயில் விடலாம் என்று ஹான்சன் யோசனை சொன்னார், கார்மெலிட்டாக்காரர்கள் ஒப்பவில்லை. அவர்கள் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. 1990-இல் சுமார் 21,000 சதுர கி.மீ. காட்டை மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். அதில் சில பகுதிகளைக் கிராமங்களிடமே கொடுத்தார்கள். கார்மெலிட்டாவின் பங்கு 1997-இல் வந்தது. கூட்டுறவுச் சங்கம் எண்ணி மரம் வெட்டுகிறது, சிக்லேயும் பூக்கடைகளுக்குப் போகும் ஷாத்தே ஓலையும் எடுக்கிறது, உங்களையும் என்னையும் நடத்திக் கூட்டிப்போகிறது. யாரும் கைவைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுப் பூட்டிய மேற்குப் பக்கத்துப் பூங்காக்களில் மாட்டுப் பண்ணைகள் புகுந்து காடு எரிந்தது. மரம் வெட்டும் உரிமை வாங்கிய கிராமங்களின் காடு பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

எனவே கடைசியாகச் சில நடைமுறை விஷயங்கள். பயணத்தை ஃப்ளோரெஸ் தெருவில் மிகக் குறைந்த விலை சொல்லும் தரகரிடம் முடிக்காமல் கார்மெலிட்டாக் கூட்டுறவிடம் நேரடியாகப் பேசி முடியுங்கள், பேரம் பேசாதீர்கள். வழிகாட்டி, சமையல்காரம்மா, கழுதைக்காரர் மூவருக்கும் தனித்தனியாக, அவரவர் கையிலேயே டிப்ஸ் கொடுங்கள். கழுதைக்காரரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.